சாக்கு

இரவு பதினொன்றரை. சமையல் மேடையில்
பிரிக்காத ரொட்டி இரண்டு கட்டு.
வெண்டல் தூங்கப்போகும்முன் சொன்னது:
"ஒரு நாள்தானே லோர்னா, அங்கேயே வாங்கிக்கலாம்."

ஒரு நாள்தான்.
அந்த ஒரு நாளில் பர்கர் பத்தொன்பது டாலர்.
வாய் ஐந்து; கோராவுக்கு மட்டும் இரண்டு வாய்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
ஒரு மணி நேரம் விரிப்பு மடித்தால் எனக்குப் பதினாறு.
ஆக ஒரு பர்கருக்கு நான்
எழுபத்தொரு நிமிடம் மடிக்கவேண்டும்.
சிப்ஸ் தனிக்கணக்கு.

டொலீடோவிலிருந்து ஏரிக்கரைப் பூங்காவுக்கு
ஒரு மணி நேரப் பாதை.
டிக்கெட் எடுத்தபோதே கையைக் கடித்துவிட்டது.
இன்னும் கடிக்கக் கையில் சதை இல்லை.

ஆனால் ட்ரூடிக்குப் பதின்மூன்று வயது.
நான் பை தூக்கினால்
பத்தடி தள்ளி நடப்பாள்,
அவள் யாரோ நாங்கள் யாரோ.
போன கோடையில் கடற்கரையில்
நான் முட்டை உரித்ததற்கு
அன்று முழுக்கப் பேசவில்லை.

பூங்காவின் விதி தெளிவு:
வெளி உணவுக்கு அனுமதி இல்லை.
அதன் கீழே எறும்பு எழுத்தில்,
மருத்துவக் காரணம் இருந்தாலொழிய.

எம்மெட்டுக்கு வேர்க்கடலை ஆகாது.
நாலு வயதில் ஒரு பிஸ்கட் துணுக்குக்கு
உதடு உருளைக்கிழங்காய் வீங்கி
ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக் கிடந்தவன்.
அதன்பின் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும்
கேக் வெட்டும் நேரம்
சுவரோரம் தன் டப்பாவைத் திறப்பவன்.

அவனுக்கு இரண்டு சாண்ட்விச் போதும்.
விதி அனுமதிப்பதும் அதைத்தான்.
நான் பன்னிரண்டு செய்துகொண்டிருக்கிறேன்.
வான்கோழி, சீஸ், மஞ்சள் கடுகு.
உறையவைத்த திராட்சை
(அதை ஐஸ்கிரீம் என்று கோரா நம்பும்
கடைசி வருஷம் இதுவாயிருக்கும்).

மகனின் நோய் ஒரு சாக்கு.
ஒரு சாக்கில் எவ்வளவு அடைக்கலாமென
நள்ளிரவில் அமுக்கிப் பார்ப்பவள்
தாயா, கடத்தல்காரியா?

தண்ணீர் குடிக்க வந்த எம்மெட் நின்றான்.
ஒன்பது வயது. எண்ணத் தெரியும்.
"எல்லாம் எனக்கா?"
"யாராவது கேட்டால் ஆமாம்னு சொல்."
சொன்ன பிறகுதான்
நான் சொன்னது எனக்குக் கேட்டது.

கொஞ்ச நேரம் ரொட்டியையே பார்த்தான்.
"ட்ரூடிக்குக் கடுகு வேணாம், துப்பிடுவா."
பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு
ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தான்,
ஓரம் மடித்து, மூலை மடித்து,
சம்பளத்துக்கு மடிக்கும் என்னைவிட நேராக.

வாயிலில் பை திறந்த பெண்ணின் சட்டையில்
ப்ரியான் என்று பெயர். இருபது இருக்கும்.
சின்னக் குச்சியால் ஒரு பொட்டலத்தை நகர்த்தினாள்.
அதன் கீழ் ஒன்று. அதன் கீழும் ஒன்று.
"யாருக்கு ஒவ்வாமை?"

எம்மெட் கை தூக்கினான்.
கோரா இரண்டு கையும் தூக்கினாள்.
வெண்டல் தொப்பியைச் சரிசெய்வதுபோல்
ஒரு கையைப் பாதியில் நிறுத்தினான்.
பத்தடி தள்ளி நின்ற ட்ரூடி
வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்,
வந்து என் பக்கத்தில் நின்று
விரல் மட்டும் உயர்த்தினாள்.

ப்ரியான் என் கைகளைப் பார்த்தாள்,
சோடாவில் வெடித்த விரல்களை.
ஜிப்பை இழுத்து மூடினாள்.
"அடுத்தவர்."

நண்பகல். ராட்டினத்தின் நிழல்
வந்து வந்து போகும் பெஞ்சில்
எம்மெட் எழுந்து நின்று விநியோகித்தான்.
"அடுத்தவர்," என்றான் ஒவ்வொரு முறையும்.
கோரா மூன்று முறை அடுத்தவரானாள்.
வெண்டல் வெட்கத்தோடு ஒரு லெமனேட் வாங்கிவந்தான்,
ஒன்பது டாலர், ஐந்து உறிஞ்சுகுழல்.

என் பங்கை நீட்டும்போது கேட்டான்:
"உனக்கும் ஆகாதாம்மா?"
எதிரே விலைப்பலகை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.
"ஆகாது," என்றேன்.

ரொட்டி கொஞ்சம் நசநசத்துப் போயிருந்தது.